காட்டின கை

அந்தப் பையை இப்படிக் குடுங்க சார், மேல வச்சிருவோம். பெரியகுளம் தாண்டியாச்சு, இனி வத்தலக்குண்டு வரைக்கும் யாரும் ஏற மாட்டாங்க. நீங்களும் திண்டுக்கல்தானே? நல்லது. ஒன்றரை மணி நேரம் இருக்கு. போதும்.

நான் முன்னாடி மூணாவது சீட்ல இருந்தேன். வேணும்னேதான் எந்திரிச்சு உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். ஏன்னு பெறகு சொல்றேன்.

என் பேர் ராசாங்கம். போடியில பி.டி. மாஸ்டர். ரிட்டயராகி நாலு வருசம் ஆச்சு. நான் விசில் அடிச்சா ஆயிரத்து இருநூறு பிள்ளைக அப்படியே நிக்கும். இன்னைக்கும் போடி பஸ் ஸ்டாண்டுல நான் நடந்து போனா நாப்பது வயசு ஆளு சிகரெட்டை முதுகுக்குப் பின்னாடி ஒளிப்பான். பெருமைக்குச் சொல்லல. நான் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சாத்தான் மத்தது உங்களுக்குப் புரியும்.

திண்டுக்கல்ல எங்க சம்பந்தி வீடு. ஒரே மகளை அங்கதான் குடுத்திருக்கேன். சம்பந்திகிட்ட இன்னைக்கு ஒரு விசயம் சொல்லணும். ரெண்டே வரி. போடியிலருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன், தொண்டையிலயே நிக்குது. முதல்ல தெரியாத ஆள் ஒருத்தர்கிட்ட சொல்லிப் பழகணுமாம். இந்த நோட்டுல எழுதியிருக்கு பாருங்க. எங்க வீட்டம்மா கையெழுத்து. 'பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கவும். அவர் இறங்கிப் போய்விடுவார்.' மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வகுப்பு எடுக்குற பொண்ணு சொன்னது. ஷைனி மேடம்னு பேரு, நாகர்கோவில் பக்கம். கவுன்சிலிங் பொண்ணு. அது சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதிட்டு வந்திருக்கா எங்க வீட்டம்மா.

என்ன வகுப்புன்னுதானே கேக்குறீங்க? சொல்றேன், சொல்றேன். ஓட்டத்துல வரட்டும்.

போன ஆடி மாசம் சார். எனக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வர ஆரம்பிச்சது. வந்தாலும் முழுசா வராது. வயசானா அப்படித்தான்னு நான் விட்டுட்டேன். அவதான் நச்சரிச்சு மதுரைக்கு இழுத்துட்டுப் போனா. ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, பின்பக்கமா ஊசி விட்டுச் சதை எடுத்தாங்க. பத்து நாள் கழிச்சு டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாரு. புராஸ்டேட்ல அது இருக்குன்னு. 'சீக்கிரமே பாத்துட்டோம் மாஸ்டர், ஆபரேசன் பண்ணிரலாம், நல்லாயிருவீங்க'ன்னாரு. நல்லாயிருவீங்கங்கிறது என் காதுல விழவே இல்ல. புராஸ்டேட் எங்க இருக்குன்னு தெரியும்ல உங்களுக்கு? அந்த இடத்துல வந்துச்சுன்னு ஊருக்குள்ள எப்படிச் சொல்றது?

ரூமை விட்டு வெளிய வர்றோம். வராண்டாவுல யாரு நிக்கிறான்னு நினைக்கிறீங்க? எங்க பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சுருளிவேல். அவரு மச்சினனைப் பாக்க வந்திருக்காரு. எங்க தலைக்கு மேல புற்றுநோய்ப் பிரிவுன்னு இந்தத் தண்டிக்கு போர்டு. 'என்ன மாஸ்டர் இங்க? யாருக்கு?'ன்னாரு.

என் கை தானா எந்திரிச்சுது சார். எங்க வீட்டம்மாவைக் காட்டுச்சு.

அவ என் கையைப் பாத்தா. என்னைக்கூடப் பாக்கல, கையைத்தான் பாத்தா. என் ரிப்போர்ட்டெல்லாம் அவ மாரோட அணைச்சுப் பிடிச்சிருக்கா. அப்புறம் சுருளிவேல்கிட்ட, 'ஆமாண்ணே, கர்ப்பப்பையில'ன்னா. அவளேதான் சொன்னா. நான் ஒரு வார்த்தை பேசல. நான் கையைத்தான் காட்டினேன். இதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும், ஏன்னா இப்ப எல்லாப் பழியும் என் தலையிலதான் விழுது.

சாயங்காலம் நாங்க போடி வந்து சேர்றதுக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுபோச்சு. வேலுத்தாய்க்குக் கேன்சராம். எங்க வீட்டம்மா பேரு வேலுத்தாய்.

ஆபரேசன் முடிஞ்சு வந்தோமே, அதுதான் பெரிய கூத்து. எனக்கு டியூப் போட்டு விட்டிருந்தாங்க. மூத்திரப் பை ஒண்ணு தொங்கும். ரெண்டு வாரம் அதோட இருக்கணும். பாக்க வர்ற சனம் நிக்காது, ஒருத்தர் போனா ஒருத்தர். கட்டில்ல அவ படுத்துக்கிடுவா, கழுத்து வரைக்கும் போர்வை. நான் பக்கத்துல நாற்காலியில நிமிர்ந்து உக்காந்திருப்பேன். அந்தப் பையை ஒரு மஞ்சப்பைக்குள்ள போட்டு, வேட்டிக்கு அடியில காலோட ஒட்டி வச்சுக்குவேன். வந்தவங்க அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. என்னைப் பாத்து, 'மாஸ்டர் பாவம், எப்படி உறுதியா உக்காந்திருக்காரு பாருங்க'ம்பாங்க. ஆபரேசன் பண்ணின வயிறு, நிமிர்ந்து உக்காந்தா உயிர் போகும். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். எவன் இருப்பான் அப்படி? அவங்க போனதும் அவ எந்திரிச்சு என்னைக் கட்டில்ல படுக்க வைப்பா, பையை மாத்துவா, அடுப்படிக்குப் போவா. மறுபடி வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா நாங்க இடம் மாறிக்குவோம்.

ஒரு நாள் அவசரத்துல அவ அகப்பையோட படுத்துட்டா. போர்வைக்குள்ள. சாம்பார் வாசனை வருதேன்னு கேட்டாங்க வந்தவங்க.

சிரிங்க, பரவாயில்ல. அன்னைக்கு நான் சிரிக்கல. அவ சிரிச்சா. போர்வை குலுங்குச்சு. வந்தவங்க அவ அழுகுறான்னு நினைச்சு இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டாங்க.

டியூப்பை எடுத்த பெறகுதான் சார் உண்மையான கஷ்டம். சொட்டும். இருமினா, தும்மினா, உக்காந்து எந்திரிச்சா சொட்டும். மூணு மணிக்கு ஒருக்கா துணி மாத்தணும். முப்பத்தஞ்சு வருசம் வெள்ளைப் பேண்ட் போட்டு மைதானத்துல நின்னவன் நான். இன்னொரு விசயமும் இருக்கு, அதை நான் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். நீங்களா புரிஞ்சுக்கங்க. என் பாயை எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்துட்டேன். புழுக்கமா இருக்குன்னு சொல்லிட்டு.

அப்பத்தான் டாக்டர் இந்த வகுப்பைச் சொன்னாரு. மாசம் ரெண்டு சனிக்கிழமை, மாடியில, ஆம்பளைகளுக்கு மட்டும். அந்த வியாதி என்ன, என்ன சாப்பிடணும், என்ன பயிற்சி செய்யணும், மனசை எப்படிப் பாத்துக்கணும், எல்லாம் சொல்லித் தருவாங்களாம். நான் போவேனா? எனக்குப் பயிற்சி சொல்லித் தர்றதுக்கு ஒரு இருபத்தெட்டு வயசுப் பொண்ணா? அதுவும் அந்த இடத்துப் பயிற்சி. நான் எங்க வீட்டம்மாவை அனுப்பிட்டேன். 'நீ போய்க் கேட்டு எழுதிட்டு வா, உனக்குத்தான் ஞாபகசக்தி ஜாஸ்தி'ன்னு. நான் கீழ டீக்கடையில நின்னுக்குவேன்.

அங்கதான் இன்னொரு வேடிக்கை. டீக்கடையில என்னை மாதிரியே பத்துப் பதினோரு ஆளுக நிப்பாங்க. எல்லாம் அறுபதுக்கு மேல. எல்லாருமே வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்தவங்க. கேட்டா, வீட்டுல உடம்பு சரியில்லங்கிறாங்க. எனக்குப் பாவமா இருக்கும் சார். இத்தனை பொம்பளைகளுக்கு வியாதியான்னு. ஒரு தடவை கம்பத்துக்காரர் ஒருத்தர், திராட்சைத் தோட்டம் வச்சிருக்கிறவரு, அவர்கிட்ட நான் எதார்த்தமாக் கேட்டேன், 'உங்க வீட்டம்மாவுக்கு என்னண்ணே?'ன்னு. அவரு டீயை ஊதிக்கிட்டே, 'புராஸ்டேட்டு'ன்னுட்டாரு.

ஒருத்தரும் சிரிக்கல. பதினோரு பேரும் டீ கிளாசுக்குள்ள பாத்துக்கிட்டு நின்னோம். பொம்பளைக்கு ஏது புராஸ்டேட்டு? டீக்கடைக்காரன்கூட அடுப்பைப் பாத்தான்.

அப்பத்தான் எனக்கு வெளிச்சமாச்சு. மாடியில ஆம்பளைக வகுப்புல பதினோரு பொம்பளைக உக்காந்திருக்காங்க. எங்க விசயமெல்லாம் அங்க ஓடிக்கிட்டிருக்கு. யாருக்கு எத்தனை தடவை சொட்டுது, யாரு ஹாலுக்கு வந்து படுக்குறான், எல்லாம். எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இருக்கே. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவகூடப் பேசல. அவ என்னைப் பத்திப் பத்துப் பேருக்கு முன்னாடி பேசுறதா? நான் எவ்வளவு பாடுபட்டு மறைச்சிருக்கேன்!

அதுக்கு அடுத்த சனிக்கிழமை அந்த ஷைனி மேடம் பையைத் தூக்கிக்கிட்டு நேரா டீக்கடைக்கே வந்திருச்சு. 'ஐயா எல்லாரும் மேல வர வேண்டாம், நான் கீழ வந்துட்டேன்'னு சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்திருச்சு. ஒரே நிமிசம். கடை காலி. அப்ப வந்த டவுன் பஸ்ல நான் ஏறிட்டேன், அது எங்க போகுதுன்னுகூடப் பாக்கல. திருமங்கலத்துல போய் இறங்கினேன். கம்பத்துக்காரர் மட்டும் ஓடல, அவருக்கு முட்டி வலி. அதுக்கடுத்து அவர் மாடிக்கே போக ஆரம்பிச்சுட்டாரு. 'மேல ஃபேன் இருக்கு மாஸ்டர், சுகமா இருக்கு'ங்கிறாரு. வெக்கங்கெட்ட மனுசன்.

பயிற்சியா? செஞ்சேன். எங்க வீட்டம்மா சொல்லிக் குடுத்தா. ஒண்ணுக்கை அடக்குற மாதிரி உள்ள இழுத்துப் பிடிக்கணும், பத்து எண்ணணும், விடணும். ஒரு தடவைக்குப் பத்து வாட்டி, ஒரு நாளைக்கு மூணு தடவை. அவ எதிர்ல உக்காந்து எண்ணுவா. 'மூச்சைப் பிடிக்காதீங்க மாஸ்டர், வயித்தை இறுக்காதீங்க மாஸ்டர்'ம்பா. மாஸ்டர்ங்கிறா பாருங்க, கிண்டல். நாலு மாசத்துல தொண்ணூறு சதம் நின்னுபோச்சு. பயிற்சி எடுத்த உடம்புல்ல, அதான் சீக்கிரம் தேறிச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு.

ரத்தப் பரிசோதனையும் இப்ப நல்லா இருக்கு. எல்லாம் ஒழுங்காப் போய்க்கிட்டிருந்துச்சு. வளைகாப்புதான் கெடுத்துச்சு.

வத்தலக்குண்டு வந்தாச்சா? நீங்க இறங்கணுமா? போயிட்டு வாங்க, சீட்டை நான் பாத்துக்கிறேன்.

வந்துட்டீங்களா. உக்காருங்க. அப்ப நான் ஏன் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்னு சொல்லிர்றேன். தேனியில ஒருக்கா இறங்கி ஓடினீங்க. பெரியகுளத்துல ஒருக்கா. இப்ப ஒருக்கா. திரும்பி வரும்போது முகத்துல ஒரு சலிப்பு. அந்த முகம் எனக்குத் தெரியும், நான் ஒரு வருசம் வச்சிருந்த முகம். பயப்படாதீங்க. முக்காவாசிப் பேருக்கு அது வெறும் வயசு வீக்கம்தான், மாத்திரையில சரியாயிரும். நோட்டுல எழுதியிருக்கு. ஆனா பாத்துருங்க. வீட்டுல யாரையும் அனுப்பாதீங்க, நீங்களே போங்க. சரி, பேச்சை மாத்தல.

என் மக நிவேதா. கல்யாணமாகி மூணு வருசம் கழிச்சு இப்பத்தான் உண்டாகியிருக்கா. ஏழாம் மாசம் திண்டுக்கல்லயே மண்டபம் பிடிச்சு வளைகாப்பு. எல்லாச் சீரும் கொண்டு போனோம், ஏழு வகைச் சாதம். தாய்தானே சார் முதல்ல சந்தனம் பூசி வளையல் போடணும்? எங்க வீட்டம்மா தட்டை எடுத்துக்கிட்டு மணைகிட்டப் போறா. சம்பந்தியம்மாவோட அக்கா ஒண்ணு, குறுக்க வந்து, 'நீங்க உடம்பு முடியாதவங்க, உக்காருங்க மதினி'ன்னு சிரிச்சுக்கிட்டே தட்டை வாங்கிட்டா. மரியாதையாத்தான் வாங்கினா. ஆனா எல்லாருக்கும் புரிஞ்சது. அந்த வியாதிக்காரி கையால வேண்டாம்னு.

எங்க வீட்டம்மா திரும்பி என்னைப் பாத்தா. மண்டபத்துல நூறு பேரு. நான் வாட்ச்சைப் பாத்தேன். நல்ல நேரம் முடியப் போகுதேன்னு பாத்தேன் சார், வேற ஒண்ணுமில்ல. மறுபடி நான் தலையைத் தூக்குறப்ப அவ கடைசி வரிசையில போய் உக்காந்துட்டா.

அத்தோட போச்சா? தலைப்பிரசவம், பிள்ளையைக் கூட்டிட்டுப் போகக் காரோட வந்திருக்கோம். சம்பந்தியம்மா, 'அங்க நோயாளியை வச்சுக்கிட்டு நீங்க எப்படிப் பாப்பீங்க? பிள்ளை இங்கயே இருக்கட்டும்'னுட்டாங்க. காலிக் கார்ல போடிக்கு வந்தோம். சாதக் குண்டான்கள்தான் பின்சீட்ல உருண்டுக்கிட்டு வந்துச்சு.

பதினோரு நாள் அவ என்கூடப் பேசல. நான் என்ன பண்ணினேன்? தட்டை நானா வாங்கினேன்? சோறு போட்டா, பயிற்சிக்கு எண்ணினா, வேற ஒரு வார்த்தை இல்ல.

பன்னெண்டாம் நாள் நிவேதா போன் பண்ணுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. நான் ஹால்ல பேப்பர் பாத்துக்கிட்டிருக்கேன். பிள்ளை கேக்குது, 'ம்மா, எனக்குக் குழந்தை பிறக்குறப்ப நீ இருப்பியாம்மா?'ன்னு.

சொல்ல மறந்துட்டேன். மகளுக்கும் தெரியாது சார். அவளுக்கும் நாங்க அம்மாவுக்குத்தான்னு சொல்லியிருந்தோம். அவகிட்டச் சொன்னா மாப்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளைகிட்டச் சொன்னா சம்பந்திக்குப் போகும். அந்தப் பிள்ளை ஒரு வருசமா ராவும் பகலும் அம்மா செத்துப்போயிருவாங்கன்னு அழுதுக்கிட்டு இருந்திருக்கு. உண்டாகியிருக்கிறப்பயும் அழுதிருக்கு. இப்ப பிரசர் ஏறியிருக்காம். டாக்டர் திட்டியிருக்காங்க, 'என்ன கவலை உனக்கு?'ன்னு.

போனை வச்சுட்டு அவ வந்து என் எதிர்ல நின்னா. இந்த நோட்டை என் மடியில போட்டா. 'இனி நான் வகுப்புக்குப் போகல'ன்னா. நான் சொன்னேன், 'ஏன், நீயே பிள்ளைகிட்டச் சொல்லிர வேண்டியதுதானே? நான் வேண்டாம்னா சொன்னேன்?'னு. அவ சொன்னா, 'நீங்க காட்டின கை. நீங்களே திருப்புங்க.'

அம்புட்டுத்தான்.

அப்பத்தான் நான் இந்த நோட்டை முதல் தடவையாத் திறந்து படிச்சேன். எல்லாம் எழுதியிருக்கா. சத்து, மாத்திரை, பயிற்சி. நடுவுல ஒரு பக்கம் இருக்கு... வேண்டாம், அந்தப் பக்கம் வேண்டாம். சரி, சொல்லிர்றேன், நீங்க இறங்கிப் போறவருதானே. வகுப்புல கேக்க வேண்டிய கேள்வின்னு எழுதியிருக்கா. 'அவர் ஹாலுக்குப் போய்விட்டார். நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் படுத்தால் போதும் என்று எப்படிச் சொல்வது?' அவ்வளவுதான் எழுதியிருக்கா. பதில் எழுதல. கேட்டாளோ என்னமோ. நான் அன்னைக்குப் பாயைச் சுருட்டி உள்ள கொண்டுபோய்ப் போட்டேன். அவ தள்ளிப் படுத்து இடம் விட்டா.

ஆனா சம்பந்திகிட்டச் சொல்றது வேற இல்லையா? கடைசிப் பக்கத்துல அவளே எழுதி வச்சிருக்கா, நான் என்ன சொல்லணும்னு. ரெண்டு வரி. கேளுங்க, சொல்லிப் பாக்குறேன். 'சம்பந்தி, என் சம்சாரத்துக்கு...' பாத்தீங்களா? வாய் அங்கிட்டே போகுது. அவளுக்குன்னுதான் வருது. இருங்க. 'சம்பந்தி, எங்க வீட்டுல ஒரு...' சே.

செம்பட்டியா இது? அதுக்குள்ளயா? இந்த டிரைவர் ஏன் இப்படிப் பறக்குறான்.

நான் ஒரு திட்டம் வச்சிருக்கேன். முதல்ல காபி குடிப்போம். அப்புறம் பொதுவாப் பேசுவோம், மழை தண்ணி, கடை வியாபாரம். சம்பந்திக்கு இரும்புச் சாமான் கடை. அப்புறம் அவரை மட்டும் மாடிக்குக் கூட்டிட்டுப் போய், காதோட காதா... பொம்பளைகளுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லிட்டு... என்ன பாக்குறீங்க? ஆமா, தெரியாம எப்படிப் பிள்ளைக்குச் சொல்றது? அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

நேத்துப் போன் பண்ணிச் சொல்லிட்டேன் சார். பதட்டத்துல நிறையப் பேசல. 'சம்பந்தி, வேலுத்தாய் விசயமா ஒண்ணு சொல்லணும். போன்ல வேண்டாம். நாளைக்கு நான் மட்டும் நேர்ல வர்றேன்'னு சொல்லி வச்சுட்டேன். அவரு குரலே மாறிப்போச்சு. 'சரிங்க சம்பந்தி, தைரியமா இருங்க'ன்னாரு. எதுக்கு என்னைத் தைரியமா இருக்கச் சொல்றாருன்னு எனக்கு அப்ப விளங்கல.

என்ன சொல்றீங்க? என்ன நினைச்சிருப்பாங்க?

ஐயையோ.

சார், நான் அப்படி நினைக்கவே இல்லையே. அவ விசயமாத்தானே சொன்னேன். நான் மட்டும் வர்றேன்னு வேற சொல்லிட்டேனே. ராத்திரி நிவேதா நாலு தடவை அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கு, அவ எடுக்கல. நீங்க சொல்லிட்டு வர்ற வரைக்கும் நான் பேச மாட்டேன்னு உக்காந்திருக்கா. அப்ப அந்தப் பிள்ளை ராத்திரி பூரா என்ன நினைச்சிருக்கும்? பிரசர் ஏறின பிள்ளை சார்!

போன் போட்டுப் பாக்குறேன்... எடுக்க மாட்டேங்குது. சம்பந்தியும் எடுக்கல. பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பிட்டான். கொஞ்சம் தள்ளுங்க சார், அந்த ஜன்னல் பக்கம் நான் வர்றேன்.

அந்தா நிக்கிறாரு சம்பந்தி. தூணுகிட்ட. கையில மாதுளம்பழப் பை. அவளுக்குத்தான் வாங்கியிருப்பாரு, பாவம். பக்கத்துல யாரு... நிவேதா சார். எட்டாம் மாசம், வயித்தைத் தூக்கிக்கிட்டு வெயில்ல வந்து நிக்குது. முகம் எப்படி வீங்கிக் கிடக்கு பாருங்க. கை நிறைய வளையல். வாயைப் பொத்திக்கிட்டு பஸ்ஸையே பாக்குது. நான் இறங்கி, கூட்டத்தைத் தாண்டிப் போயி, வாங்க காபி சாப்பிடலாம்னு... இல்ல. இல்ல சார். இறங்கினா நான் மறுபடி வாட்ச்சைத்தான் பாப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

நிவேதா! ஏ நிவேதா! இங்க! ஜன்னல்ல!

அம்மாவுக்கு ஒண்ணுமில்ல புள்ள! அம்மா நல்லா இருக்கா! அவளுக்கு எப்பவுமே ஒண்ணுமில்ல! எனக்கு! எனக்குத்தான் கேன்சர்! புராஸ்டேட்ல! அம்மாவுக்கு இல்ல, அப்பாவுக்கு!

கேட்டிருச்சா சார் அதுக்கு? கேட்டிருச்சு. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குது, பாத்துட்டுப் போறாங்க. அந்தா போடிக்காரன் ஒருத்தன் நிக்கிறான், எங்கிட்டப் படிச்சவன், வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். நிக்கட்டும்.

பிள்ளை அழுகையை நிப்பாட்டல. சம்பந்தி அவ தோளைப் பிடிச்சிருக்காரு. கையை என்னைப் பாத்து நீட்டி என்னமோ கத்துது, எனக்குக் கேக்கல. திட்டுது போல. திட்டட்டும். அம்மாவுக்குப் போன் போடச் சொல்லணும், இப்ப எடுப்பா.

அந்தப் பையை எடுத்துக்கங்க சார். நோட்டு எங்கிட்ட இருக்கட்டும், அதுல இருக்கிற ஷைனி மேடம் நம்பரை மட்டும் எழுதிக்கங்க. சரி, வழி விடுங்க, நான் இறங்குறேன்.